இடப்பக்கம் திரும்பாத ஜீப்

"அங்க பாருங்கடி! உச்சிப் பாறையில துணி ஆடுது!"

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நாகஜோதி தலையில் இருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளிமூக்கன் மலையின் உச்சியில், இடிந்த பங்களாவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில், பொட்டு மாதிரி ஒரு சிவப்பு. அது மெல்ல ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. அதற்குள் மேகம் வந்து மூடிக்கொண்டது.

அது அவள் தம்பி செல்லக்காமுவின் துண்டு! கம்பம் டவுனில் சிநேகிதன் கல்யாணம் என்று சொல்லிவிட்டு முந்தாநாள் கிளம்பியவன். அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பங்களாவில் வெள்ளைக்கார துரை விட்டுப்போன இரும்புப் பூண் போட்ட பெட்டி இருக்கிறதாம், அதற்குள் தங்கம் இருக்கிறதாம். ஊரில் சின்னப்பிள்ளைகள்கூட நம்பாத கதை. செல்லக்காமு நம்பினான். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவனுக்கு வேறு எதை நம்புவது?

"நடக்க முடிஞ்சா இறங்கி வந்திருப்பான். துணியை ஆட்டுறான்னா நடக்க முடியலை" என்றாள் நாகஜோதி. அழவில்லை. சாக்கை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள்.

ஸ்டாண்டில் கோம்பையனின் ஜீப் மட்டும்தான் நின்றது. சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போவதற்காக அண்மையில்தான் அதன் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, பெரிய டயர் போட்டு, ஒரு சாண் உயர்த்தியிருந்தான். உயர்த்தாத ஜீப்புகளோடு நிறுத்தினால், எருமைக் கூட்டத்துக்கு நடுவில் ஒட்டகம் நிற்கிற மாதிரி நிற்கும்.

"அண்ணே, உச்சி பங்களாவுக்கு உன் வண்டி போகுமா?"

"போகுமாவா? ஏத்தா, இந்த வண்டி செவத்துல ஏறும்!" என்றான் கோம்பையன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்தான்.

அடுத்த கொட்டகையில் டயருக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்த காசிமாயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோம்பையனின் தங்கச்சியைக் கட்டியவன். ஜீப்பை உயர்த்திக் கொடுத்ததும் அவன்தான்.

"மச்சான், இந்த வண்டியை அந்தப் பாதைக்குக் கொண்டுபோகாத. பட்டை மாத்துனா ஒரு வாரம் ஓட்டிட்டு வாய்யா, பட்டை உக்காந்த பெறகு ஸ்டியரிங் ராடைச் சரிபண்ணித் தாரேன்னு சொன்னேன். வந்தியா?"

"வண்டி நேராத்தானே ஓடுது மாப்ளே. எதுக்கு வரணும்?"

"நேரா ஓடுதா?" காசிமாயன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கொட்டகைக்குள் போய் ஸ்பானர் பையையும் சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்து வந்து பின்சீட்டில் எறிந்தான். "அப்ப நானும் வர்றேன். நகரு."

வனத்துறை கேட்டில் வாட்சர் தடுத்தார். அவரும் துணி ஆடியதைப் பார்த்து மேலிடத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். ஆட்கள் கீழேயிருந்து வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். நாகஜோதி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சாயங்காலம் மழை வருமா, வராதா?"

வாட்சர் மேற்கே பார்த்தார். மலைக்குப் பின்னால் வானம் கருத்துக்கொண்டிருந்தது.

"வரும். நரியாத்துல தண்ணி ஏறிருச்சுன்னா அங்கிட்டு இருக்கிறவன் அங்கிட்டுத்தான். ரெண்டு மூணு நாளைக்கு ஒருத்தனும் தாண்ட முடியாது." சொல்லிக்கொண்டே கம்பியைத் தூக்கினார். "வெரசாப் போய்ட்டு வெரசா வந்துருங்க!"

நரியாற்றில் அப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆற்றுக்குக் குறுக்கே எஸ்டேட் காலத்தில் கல் பாவியிருந்தார்கள். ஜீப் அகலத்துக்குத்தான் கல். இரண்டு பக்கமும் ஆள் முங்கும் மடு. கோம்பையன் நிதானமாகத்தான் இறக்கினான். ஆனால் வண்டி நேராகப் போகவில்லை! இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலைந்தது. அவன் கை ஸ்டியரிங்கை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சக்கரம் கல்லின் ஓரத்தில் வழுக்கிச் சரிந்து, எப்படியோ தொற்றி ஏறியது.

"வண்டி காலையிலயே தண்ணி போட்டிருக்கா மச்சான்?"

"பெரிய டயர் மாப்ளே. அப்படித்தான் இருக்கும்."

காசிமாயன் மைத்துனனின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதற்கு மேல் பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் தேயிலை சுமந்து இறங்கிய தடம். மழை அரித்த பள்ளங்கள், பாதி ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. பள்ளத்தில் விழுந்தது, எழுந்தது, பாறை மேல் கால் வைத்தது. உயர்த்திய வண்டியின் அருமை அங்கேதான் தெரிந்தது. வேறு வண்டி என்றால் அடிவயிறு கிழிந்திருக்கும்!

வலப்பக்கம் மடங்கும் கொண்டையூசித் திருப்பங்களில் வண்டி அழகாகத் திரும்பியது. இடப்பக்கத் திருப்பம் வந்தால் மட்டும் கோம்பையன் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து ஏறினான்.

"பாதை குறுகல்" என்றான், யாரும் கேட்காமலே.

அடுத்த இடப்பக்கத் திருப்பத்தில் பின்னால் எடுக்க இடமே இல்லை. பின்னே பாறை, முன்னே பள்ளம். கோம்பையன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை சுழற்றினான். 'டக்' என்று நின்றது. சக்கரம் அதற்கு மேல் ஒடியவில்லை. ஜீப் திரும்ப வேண்டிய அளவுக்குத் திரும்பாமல் விளிம்பை நோக்கிப் போனது!

"பிரேக்! பிரேக்!"

ஈர மண் வழுக்கியது. முன்பக்க வலது சக்கரம் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. கீழே மரங்களின் தலைகள்தான் தெரிந்தன. வண்டி மெல்ல, மிக மெல்ல, முன்பக்கம் சாய்ந்தது.

நாகஜோதி பின்பக்கமாகக் குதித்தாள். யோசிக்கவில்லை. ஓரத்தில் கிடந்த பாறாங்கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். சக்கரம் கல்லில் முட்டி நின்றது. அடுத்த நொடி பின்னால் தொங்கிய கம்பியைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினாள். காசிமாயனும் பாய்ந்துபோய் அவளோடு தொங்கினான்.

"இப்ப எடு! நாலு சக்கரத்துலயும் போடு! ரிவர்ஸ்!"

டயர்கள் மண்ணை வாரி இறைத்தன. ரப்பர் நாற்றம். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி விளிம்பிலிருந்து ஏறிப் பின்பாறையில் மோதி நின்றது.

மூவரும் சற்று நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோம்பையன் எழுந்து பாதையை மேலே பார்த்தான்.

"நடந்தே போயிருவோம்" என்றான்.

"நடந்து போகலாம். அவனைத் தூக்கிட்டு எப்படி இறங்குறது? அதுக்குள்ள ஆறு வந்துரும்ண்ணே" என்றாள் நாகஜோதி. "வண்டிக்கு என்ன நோவுன்னு பாருங்க."

காசிமாயன் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் இருந்தான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"மச்சான், சக்கரத்தை நேரா வை."

வைத்தான்.

"ஸ்டியரிங் எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு மாப்ளே. கருப்பசாமி நிமிந்து நிக்கிறாரு."

"ஆனா இங்க ஸ்டியரிங் பெட்டியில இருந்து வர்ற கை கோணலா நிக்குதே! மேல நேரு, கீழ கோணலு. அது எப்படிய்யா?"

கோம்பையன் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த சாமி படத்தைப் பார்த்தான்.

அந்த மலை ஜீப்காரர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன் பொத்தானின் மேல், அவரவர் குலசாமியின் படத்தை ஒட்டியிருப்பார்கள். வண்டி எடுக்கும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நேரான ரோட்டில் சாமி சாய்ந்து நின்றால் ஆகாது. அன்றைக்குச் சவாரியே போக மாட்டார்கள்.

"பட்டை மாத்தினதும் படம் சாஞ்சிருச்சு மாப்ளே" என்றான் கோம்பையன் மெதுவாக. "நேர் ரோட்டுல கருப்பன் ஒருக்களிச்சுப் படுத்துக் கெடந்தாரு. மறுநாள் சவாரி இருந்துச்சு. நானே நட்டைக் கழட்டி ஸ்டியரிங்கை உருவி, சாமி நிமிர்ற மாதிரி வச்சு மாட்டிட்டேன்."

காசிமாயன் வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். கோபத்தில் கத்தப்போகிறான் என்று நினைத்தாள் நாகஜோதி. அவன் கத்தவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படுக்க வைத்தான்.

"இங்க பாரு. பெட்டியிலேர்ந்து சக்கரத்துக்குப் போற ராடு இது. படுத்துக் கெடந்தா இம்புட்டு தூரம் எட்டும்." குச்சியின் ஒரு முனையைத் தூக்கினான். "வண்டியை ஒரு சாண் தூக்கியாச்சு. இப்ப ராடு சாஞ்சிருச்சு. சாஞ்ச கம்பு அம்புட்டு தூரம் எட்டுமா? எட்டாது. அதான் ஸ்டியரிங் கோணிச்சு. ராடை நீட்டி விட்டிருந்தா சரியாயிருக்கும். நீ சாமியை மட்டும் நிமித்துன. பெட்டி இன்னும் கோணலாத்தான் இருக்கு. வலப்பக்கம் வேண்டிய மட்டும் சுத்துது, இடப்பக்கம் பாதியில முட்டிக்கிருது. நேரா போறப்ப அலையிறதும் அதனாலதான். பெட்டியோட பல்லு நடுவுலதான் இறுக்கமா இருக்கும்."

"இங்க வச்சு முடியுமா?" என்றாள் நாகஜோதி.

"முடியணும்."

வேலை தொடங்கியது. ராடின் முனையில் இருந்த நட்டைக் கழற்றினார்கள். காசிமாயன் சுத்தியலால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்ட, முனை பொத்தென்று விழுந்தது. இப்போது ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை. கோம்பையன் ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்குச் சுற்றி எண்ணினான். அதில் பாதி திருப்பி நிறுத்தினான். பெட்டி சரியான நடுவுக்கு வந்தது. கருப்பசாமி மறுபடியும் ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

"அய்யோ, சாமி!" என்று தலையில் கை வைத்தான் கோம்பையன்.

"அண்ணே, படத்தை மட்டும் உரிச்சு நேரா ஒட்டிக்கிட்டா என்ன?" என்றாள் நாகஜோதி.

கோம்பையன் படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தான். காசிமாயன் வண்டிக்கு அடியில் படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தான்.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. ராடின் நடுவில் ஒரு குழாய் இருந்தது. அதன் இரண்டு கவ்விகளையும் தளர்த்தித் திருகினால் ராடு நீளும். ஆனால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத குழாய், துருவேறி இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றினார்கள். தட்டினார்கள். கையால் திருகிப் பார்த்தார்கள். அசையவில்லை. உருண்டைக் குழாயில் ஸ்பானருக்குப் பிடிமானம் இல்லை. குழாய் பிடிக்கும் ரிஞ்சு கொட்டகையில் இருந்தது!

மேற்கே இடி உறுமியது.

நாகஜோதி குனிந்து குழாயைப் பார்த்தாள். பிறகு வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்தாள். "ஏல மூட்டையை லாரியில இறுக்குற மாதிரி இறுக்கிப் பாப்பமா?"

அவளே படுத்து, குழாயைச் சுற்றிக் கயிற்றை நெருக்கமாக வரிந்தாள். மீந்த கயிற்றில் ஒரு கண்ணி விட்டு, அதற்குள் கடப்பாரையைச் செருகினாள். கடப்பாரையை அழுத்த அழுத்தக் கயிறு குழாயைக் கவ்விப் பிடித்தது. மூட்டைக்குக் கயிறு முறுக்குகிற அதே வித்தைதான்!

"மூணு பேரும் சேந்து... ஏலேலோ!"

கயிறு நறநறத்தது. கடப்பாரை வளைவது போல் இருந்தது. 'கிறீச்' என்று ஒரு சத்தம். குழாய் நகர்ந்தது!

"வருது! வருது! விடாத!"

கொஞ்சம் கொஞ்சமாக ராடு நீண்டது. காசிமாயன் முனையைச் சக்கரக் கையின் துவாரத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னும்... இன்னும்... பாத்து, இதுக்கு மேல போனா மரை பத்தாது... நிறுத்து!"

முனை துவாரத்தில் போய் உட்கார்ந்தது. நட்டை இறுக்கினான். நட்டு கழலாமல் காக்கும் ஊசி கழற்றும்போதே ஒடிந்திருந்தது. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் செருகி முறுக்கினான். குழாயின் இரண்டு கவ்விகளையும், கழுத்து நரம்பு புடைக்க, இறுக்கினான்.

கோம்பையன் ஏறி உட்கார்ந்தான். சாய்ந்து கிடந்த கருப்பனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் சுழற்றினான். சக்கரம் ஒடிந்தது, ஒடிந்துகொண்டே போனது. ஜீப் அந்தத் திருப்பத்தை ஒரே மூச்சில் வளைத்து ஏறியது!

*

பங்களாவுக்குக் கூரை இல்லை. வாசல்படியிலிருந்து பாறை விளிம்பு வரை புல் நசுங்கி ஒரு தடம் தெரிந்தது. யாரோ தவழ்ந்துபோன தடம். அதன் முடிவில் செல்லக்காமு கிடந்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போய். இடதுகால் முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தது. கையில் சிவப்புத் துண்டு.

"அக்கா..."

நாகஜோதி முதலில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பலகை உளுத்துப்போயிருந்துச்சுக்கா. மிதிச்சதும் கீழ போயிட்டேன். ஆனா பெட்டி கெடைச்சிருச்சு! உள்ள இருக்கு!"

"செத்திருப்படா நீ!"

"செத்திருந்தாலும் பெட்டி கெடைச்சிருக்கும்ல?"

காசிமாயனும் கோம்பையனும் உள்ளே போனார்கள். இரும்புப் பூண் போட்ட பெட்டி நிஜமாகவே இருந்தது. கோம்பையனின் கண்கூட அகன்றது. கடப்பாரையை விட்டு நெம்பினார்கள். மூடி பெயர்ந்து வந்தது.

உள்ளே லாடம். கழுதை லாடம். வாய்வரை அடுக்கி, துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன லாடம்.

கோம்பையன் ஒன்றைப் பெயர்த்து எடுத்துப்போய் வெளியே கிடந்த செல்லக்காமுவிடம் காட்டினான். "துரை கழுதைக்கு வாங்கி வச்ச செருப்புடா இது."

செல்லக்காமுவின் உதடு துடித்தது. அழப்போகிறான் என்று பார்த்தால் சிரித்தான். சிரித்ததில் கால் அதிர, வலியில் கத்தினான்.

"மூடி நல்ல தேக்கு" என்றான் காசிமாயன். அதை இரண்டாகப் பிளந்து, உடைந்த காலின் இரண்டு பக்கமும் வைத்து, சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினார்கள். லாடத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

முதல் துளி ஜீப்பின் மூக்கில் விழுந்தது.

இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. தடமே ஓடையாக மாறியது. கோம்பையன் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் இறக்கினான். இடம், வலம், இடம். எந்தத் திருப்பத்திலும் வண்டி தயங்கவில்லை. பின்னால் செல்லக்காமுவின் தலையை மடியில் வைத்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள் நாகஜோதி.

நரியாற்றின் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம்தான் ஆறு தெரிந்தது. காலையில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் இப்போது செந்நிறத்தில் இடுப்பைத் தொட்டு ஓடியது. பாவியிருந்த கல் கண்ணுக்கே தெரியவில்லை. அக்கரையில் வாட்சரும் ஊர்ச்சனமும் கையை ஆட்டினார்கள். வா என்கிறார்களா, வராதே என்கிறார்களா?

"இன்னும் கொஞ்ச நேரம் போனா இதுவும் முடியாது" என்றான் காசிமாயன்.

"கல்லு எங்க இருக்குன்னு தெரியாம எப்படி எறக்குறது?"

"நான் முன்னால போறேன்" என்றாள் நாகஜோதி. "காலுக்குத் தெரியும்."

கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜீப்பின் முன்கம்பியில் முடிந்தார்கள். கையில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவள் இறங்கினாள். கல்லின் ஓரத்தைக் கடப்பாரையால் தட்டித் தட்டி, நடுவில் நடந்தாள். காசிமாயன் முன்கம்பியில் குந்தி உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். அவளுடைய முதுகையே குறிவைத்து ஜீப் பின்னால் ஊர்ந்தது. அலையவில்லை! பிடித்த இடத்தில் நின்றது. கோம்பையனின் கை ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தது.

பாதி ஆறு தாண்டியிருப்பார்கள்.

"மரம்! மரம் வருது!" அக்கரையிலிருந்து கூச்சல்.

வேரோடு பெயர்ந்த ஒரு மரம் சுழன்றுகொண்டு வந்தது. நாகஜோதி ஜீப்பை ஒட்டிப் பதுங்கினாள். மரம் முன்சக்கரத்தில் இடியாக மோதியது! ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கோம்பையன் பல்லைக் கடித்து, மார்பை அதன்மேல் சாய்த்துப் பிடித்தான். சக்கரம் கல்லின் ஓரம்வரை போனது. நின்றது. ராடு தாங்கியது! மரம் உருண்டு, வண்டியின் அடியில் உரசிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. ஒரு சாண் உயரம் இல்லையென்றால் வண்டியையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கும்.

"நிக்காத மச்சான்! போ!"

நாகஜோதி மறுபடியும் கடப்பாரையை ஊன்றினாள். தட்டினாள். நடந்தாள். தண்ணீர் தொடைக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. கரையிலிருந்து ஒரே பாய்ச்சலில் இறங்கிய பெண்கள் அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். பின்னாலேயே தண்ணீர் ஒழுக ஒழுக ஜீப் ஏறி வந்தது. ஆற்றுச் சத்தத்தை மீறிக் குலவைச் சத்தம் கேட்டது!

*

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் பலகையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கட்டினது நல்லாக் கட்டியிருக்கீங்க. கால் பிழைச்சுக்கும்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நாகஜோதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்குக் கை எரிந்தது. கயிறு உரித்த தோல்.

மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கோம்பையனைச் சூழ்ந்துகொண்டார்கள். வீரக்கதை கேட்க வந்தார்கள். அவன் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று சொன்னான்.

"எவனெவன் பட்டையை மாத்திட்டு ஸ்டியரிங்கை உருவி மாட்டியிருக்கீங்களோ, இப்பவே காசி கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுபோங்க. நான் நேரா இருக்குன்னு நெனச்சேன். நேரா தெரிஞ்சதுடா, அம்புட்டுத்தான்."

யாரும் கையைத் தூக்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் காசிமாயனின் கொட்டகை முன்னால் நான்கு ஜீப்புகள் நின்றன.

ஆஸ்பத்திரியில் செல்லக்காமு மாவுக்கட்டோடு படுத்திருந்தான். நாகஜோதி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் மென்று விழுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தப் பங்களாவுக்குப் பின்னால பூட்டுன ரூம் ஒன்னு இருக்கு. அதை நான் இன்னும்..."

அவள் அடுத்த இட்லியை முழுசாக அவன் வாயில் அடைத்தாள்.

"தின்னு."